இன்வாய்ஸின் அடியில் இருக்கும் பேங்க் விவரம்

திருப்பூர் பனியன் கம்பெனிகளும் கரூர் ஜவுளிக்காரர்களும் வெளிநாட்டு பையருக்கு (வாங்குபவருக்கு) அனுப்பும் இன்வாய்ஸில் ஜிஎஸ்எம் (துணியின் எடை) வரை சரிபார்ப்பார்கள். அடியில் வரும் பேங்க் விவரத்தை மட்டும் பழைய இன்வாய்ஸிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிடுவார்கள். பணம் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

வெளிநாட்டிலிருந்து பணம் வர பேங்கை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் கோடு கேட்டால், உள்நாட்டுக் கிளைக் கோடான ஐஎஃப்எஸ்சி கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. ஐஎஃப்எஸ்சி 11 இடம், ஸ்விஃப்ட் 8 அல்லது 11. ஐஎஃப்எஸ்சி நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் போன்ற உள்நாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கு மட்டும். அதன் ஐந்தாம் இடத்தில் எப்போதும் பூஜ்ஜியம் இருக்கும். ஸ்விஃப்ட்டில் ஐந்தும் ஆறும் நாட்டுக்குரிய எழுத்துகள். ஸ்டேட் பேங்கின் ஸ்விஃப்ட் கோடு SBININBB. பிரித்தால் எஸ்-பி-ஐ-என் பேங்க், ஐ-என் இந்தியா, பி-பி ஊர். கிளைக்கென்று இருந்தால் மேலும் 3 சேரும். எல்லாக் கிளைக்கும் தனி ஸ்விஃப்ட் கோடு இருக்காது. காங்கேயத்திலோ அந்தியூரிலோ கணக்கு இருந்தால், எந்த ஃபாரெக்ஸ் (அந்நியச் செலாவணி) கிளை வழியாகப் பணம் வரும் என்று மேனேஜரிடம் எழுத்தில் வாங்குங்கள். கூகுளில் தேடி எடுக்க வேண்டாம்.

ஜெர்மனி பையர் ஐபான் (ஐரோப்பாவில் புழங்கும் சர்வதேச அக்கவுண்ட் நம்பர்) கேட்பார். இந்தியாவில் ஐபான் இல்லை. அக்கவுண்ட் நம்பரும் ஸ்விஃப்ட் கோடும் கொடுங்கள், பெயர் பேங்க் பதிவில் உள்ளபடியே இருக்கட்டும்.

டாலர் நேராக உங்கள் கிளைக்கு வராது. பெரும்பாலும் உங்கள் பேங்க் நியூயார்க் பேங்க் ஒன்றில் வைத்திருக்கும் டாலர் கணக்கில் (நாஸ்ட்ரோ) விழுந்துதான் வரும். அந்த நியூயார்க் பேங்கின் ஸ்விஃப்ட் கோடும் இன்வாய்ஸில் இருக்கட்டும். இல்லாவிட்டால் இன்னும் இரண்டு பேங்க் கைமாறி, ஆளுக்குக் கொஞ்சம் கட்டணம் பிடித்துக்கொண்டு வரலாம். கட்டணம் 'அவர்' (OUR) என்றால் எல்லாம் பையர் செலவு, 'ஷா' (SHA) என்றால் அவரவர் பக்கம் அவரவருக்கு, 'பென்' (BEN) என்றால் முழுதும் உங்கள் தலையில். இதை ஆர்டர் பேசும்போதே முடித்துக்கொள்வது நல்லது.

கரூர் லட்சுமி விலாஸ் பேங்க் 2020 நவம்பரில் டிபிஎஸ்ஸோடும், சிண்டிகேட் பேங்க் அதே ஆண்டு ஏப்ரலில் கனராவோடும் இணைந்தன. அந்தப் பழைய கோடுகள் பையரின் சிஸ்டத்தில் இன்னும் இருக்கின்றனவா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

பணம் வரவில்லை என்றால் "அனுப்பிவிட்டோம்" என்ற மெயில் போதாது. பையரின் பேங்க் அனுப்பிய ஸ்விஃப்ட் மெசேஜின் நகலை (ஸ்விஃப்ட் காப்பி) வாங்குங்கள். அதிலுள்ள, அந்தப் பணத்துக்கே உரிய 36 இட யுஇடிஆர் (UETR) எண்ணைக் கொடுத்தால், பணம் எந்த பேங்கில் நிற்கிறது என்று உங்கள் கிளையால் தேட முடியும்.

எல்லாவற்றிலும் அதிகம் கவலைப்பட வைப்பது மெயில் மோசடி. உங்கள் மெயிலுக்குள் புகுந்தவன், பேங்க் மாறிவிட்டது என்று பையருக்குப் புது விவரம் அனுப்புவான். அந்த ஸ்விஃப்ட் கோடில் ஐந்து, ஆறாம் எழுத்து ஐ-என் இல்லாமல் வேறு நாடாக இருந்தால், பணத்தை நிறுத்த அதுவே போதும். ஐ-என் இருந்தாலும் நம்பிவிட முடியாது. பேங்க் விவரம் மாறினால் ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்கு ஃபோன் செய்து கேட்காமல் அனுப்பக்கூடாது என்று பையரிடம் இன்றே சொல்லி வையுங்கள். மீறிப் போய்விட்டால், பையர் அன்றைக்கே தன் பேங்கில் பணத்தைத் திரும்பப் பெறும் ரீகால் கேட்க வேண்டும்.