வாசனை மாறினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்

கை நடுக்கம் என்று வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வாசனை எப்படித் தெரியுது?" நோயாளி பெரும்பாலும் "நல்லாத்தான் தெரியுது" என்பார், பக்கத்தில் இருக்கும் மனைவிதான் மறுப்பார். "பால் பொங்கித் தீஞ்சு வீடே நாறினாலும் இவர் பேப்பர் படிச்சிட்டிருப்பார் டாக்டர், அஞ்சாறு வருஷமாவே இப்படித்தான்." நடுக்கம் ஆரம்பித்தது போன வருடம்தான்.

பார்க்கின்சன் நோயில் இது சகஜம். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் வரை நுகரும் திறன் குறைந்திருக்கும், அதுவும் பலருக்கு நடுக்கம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே. ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் மூளைச் செல்களுக்குள் திரண்டு படிவதுதான் இந்த நோயின் அடையாளம். ஜெர்மனியின் ஹைக்கோ பிராக் குழுவினர் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து 2003-ல் சொன்னது, இந்தப் படிவு முதலில் தென்படுவது மூக்கின் செய்தியை வாங்கும் நுகர்குமிழிலும் மூளைத்தண்டின் அடியிலும்தான், உடல் அசைவைப் பார்த்துக்கொள்ளும் பகுதிக்கு அது பிறகுதான் வருகிறது என்று. எல்லாருக்கும் இதே வரிசையில் நடப்பதில்லை. இந்த நோய்க்குத் தரும் லெவோடோபா மாத்திரை நடையைச் சீராக்கும், போன வாசனையைத் திருப்பித் தராது.

இதைப் படித்துவிட்டுப் பயந்துவிடாதீர்கள். வாசனை போவதற்குச் சளி, ஒவ்வாமை, மூக்கில் சதை வளர்ச்சி, புகைபிடித்தல், கொரோனா, வயது என்று சாதாரணக் காரணங்களே அதிகம், அதனால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஆனால் மூக்கில் ஒன்றுமில்லை, கூடவே தீராத மலச்சிக்கல், தூக்கத்தில் கத்துவது, கனவில் சண்டை போடுவதுபோல் கை கால்களை உதறுவது என்று இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் வரத்தான் வேண்டும். வீட்டில் சோதித்துப் பார்ப்பதானால் கண்ணை மூடி, ஒரு மூக்குத் துவாரத்தை அடைத்துக்கொண்டு காபித்தூளையோ சோப்பையோ முகரச் சொல்லுங்கள், அப்புறம் அடுத்த துவாரம். தைலம் வேண்டாம். அதன் காரம் முகத்தின் உணர்ச்சி நரம்பு வழியாகப் போவதால், வாசனையே தெரியாதவரும் "தெரியுது" என்பார். ஒரு பக்கம் மட்டும் வாசனை போயிருந்தால் அதை அவசியம் சொல்லுங்கள். மூக்கடைப்பில்லாமல் அப்படி இருந்தால், அபூர்வமாக, மூளையின் முன்பக்க அடியில் மெல்ல வளரும் மெனிஞ்சியோமா கட்டியாக இருக்கலாம்.

பைக்கிலிருந்து விழுந்து பின்மண்டை அடிபட்டவர்களில் சிலருக்கு ஸ்கேன் சுத்தமாக இருக்கும், வீட்டுக்குப் போய்ச் சில வாரம் கழித்துத்தான் "சாப்பாடு ருசிக்கவே இல்லை" என்பார்கள். நாக்கில் கோளாறில்லை. மண்டையோட்டின் சல்லடை எலும்பு வழியாக இறங்கும் மெல்லிய நுகர் நரம்பு இழைகள் அதிர்ச்சியில் அறுந்திருக்கும்.

வாசனை அதிகமாகத் தெரிவதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் இதில் அநியாயமாகப் பேச்சு வாங்குவது பெண்கள். ஒற்றைத் தலைவலி உள்ள ஒரு இளம்பெண், கல்யாணமான புதிதில் ஊதுபத்தியை ஏற்றினாலோ வெங்காயம் தாளித்தாலோ எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார், மாமியார் வீட்டில் அதற்கு "சமையல்கட்டுக்கு வராம இருக்க ஒரு சாக்கு" என்று பெயர். அது சாக்கு இல்லை. மைக்ரேன் சமயத்தில் மூளை வாசனை, வெளிச்சம், சத்தம் மூன்றையும் வடிகட்டாமல் உள்ளே விடுகிறது. வாசனையைத் தாங்க முடியாமை சாதாரண டென்ஷன் தலைவலியில் அரிது என்பதால், நோயைப் பிரித்தறிய எங்களுக்கே அது உதவுகிறது. அவருடைய கணவரைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். தலைவலி வரும் நாளில் தாளிப்பதும் சாம்பிராணி போடுவதும் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும், வராமல் தடுக்கத் தினசரி மாத்திரைகளும் இருக்கின்றன.

இல்லாத வாசனை வருவது வேறு கதை. ரப்பர் எரிகிற நாற்றம் திடீரென்று சில விநாடிகள், அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவதுபோல் ஓர் உணர்வு, அப்புறம் கொஞ்ச நேரம் பிரமை பிடித்தாற்போல் பார்வை, வாயை மெல்லுவது. ஒவ்வொரு முறையும் இதே மாதிரி வந்தால் அது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதியில் தொடங்கும் வலிப்பாக இருக்கலாம். மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள், மாதங்கள் ஓடிவிடுகின்றன. போனில் ஒரு வீடியோ எடுத்துக் கொண்டுவந்தால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

வாசனை போனவர் வீட்டில் இன்றைக்கே செய்ய வேண்டியது, கேஸ் கசிவு அலாரம் வாங்கி மாட்டுவது. சமையல் எரிவாயுவுக்குச் சொந்தமாக மணம் கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள், அந்த ஏற்பாடு இவர்களுக்குப் பயன்படாது. அலாரத்தைத் தரைக்குச் சற்று மேலே மாட்டுங்கள், சிலிண்டரில் வரும் இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். ராத்திரி ரெகுலேட்டரை மூடியாயிற்றா என்று வீட்டில் இன்னொருவர் பார்க்கட்டும். ஃபிரிட்ஜில் வைக்கும் குழம்புப் பாத்திரத்தில் தேதி எழுதி ஒட்டுங்கள், ஊசிப்போனது அவருக்குத் தெரியாது.