ஊசியுருளைத் தாங்கி: சொல் விளக்கம்

பட்டறைகளில் ‘பேரிங்’ என்று வழங்கும் ஆங்கிலச் சொல்லுக்குச் சுமப்பது, தாங்குவது என்பதே அடிப்படைப் பொருள். அதன் வினையடியும் வடமொழியில் சுமத்தலைக் குறிக்கும் வேர்ச்சொல்லும் இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் ஒரே மூலத்தில் கிளைத்தவை. அவ்வடமொழி வேர்வழி தமிழுக்கு வந்த ‘பாரம்’ ஆகவே பேரிங்குக்குத் தூரத்து உறவு. இயந்திரவியலில், ஒன்றின்மேல் ஒன்று அசையும் இரண்டு உறுப்புகளுக்கு நடுவே இருந்து, பாரத்தையும் ஏற்று உராய்வையும் குறைப்பது பேரிங்.

தமிழ்நாட்டில் இதைத் ‘தாங்கி’ என்றும் இலங்கையில் ‘போதிகை’ என்றும் எழுதுகிறார்கள். போதிகை என்பது கோயில் தூணின் தலைமேல் அமர்ந்து உத்தரத்தை ஏந்தும் உறுப்பின் பெயர். அழகான சொல்தான், ஆனால் சுமைதாங்கி, இடிதாங்கி என்று நாவில் பழகிவிட்டதாலும், பந்து, உருளை, ஊசி என எந்த அடையோடும் இயல்பாகச் சேர்வதாலும் தாங்கியே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

‘புஷ்’ என்னும் உறுப்பு பேரிங்கிலிருந்து வேறு. பெட்டியைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்த இதற்கும், புதரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் உறவில்லை. புஷ் என்பது உருளைகள் இல்லாத வெறும் உறை. ரப்பர் புஷ்ஷாக இருந்தால் முறுகி வளைந்து கொடுக்குமே தவிர உருளாது.

1983இல் வந்த பியூஜோ 205, அதே பின் அமைப்புடன் 1985இல் வந்து, 1990களின் நடுவில் மகாராட்டிரத்துக் கல்யாணில் பிரீமியர் நிறுவனத்துடனான கூட்டுமுயற்சியாகத் தயாரான 309 ஆகிய கார்களில் இந்த வேறுபாடு முக்கியமாகிறது. இவற்றில் ஒவ்வொரு பின்சக்கரத்தையும் தாங்கும் கையின் தண்டு, குறுக்குக் குழாய்க்குள் ஊசியுருளைத் தாங்கிகளின்மேல் அசைகிறது. வில்லின் வேலையை முறுக்குத் தண்டுகள் செய்கின்றன. விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாத நீளமுள்ள மெல்லிய உருளைகளே ‘ஊசிகள்’. குறுகிய இடத்தில் பெரும்பாரம் தாங்க அவை ஏற்றவை. ஆயினும் கை முழுச்சுற்று சுற்றுவதில்லை. சில பாகைகளே ஆடுவதால் அதே ஊசிகள் தண்டின் அதே இடத்தை அழுத்திக்கொண்டே இருக்கின்றன, கிரீசும் பரவுவதில்லை. தண்ணீர் புகாமல் அடைக்கும் வளையமான சீல் இறுகிச் சுருங்கித் தண்ணீர் இறங்கிவிட்டால் ஊசிகள் துருப்பொடியாகித் தண்டை அரிக்கத் தொடங்கும். பின்சக்கரங்களின் மேல்விளிம்பு உள்நோக்கிச் சாய்வதும், டயரின் உட்பக்கம் மட்டும் தேய்வதும், மேடுபள்ளத்தில் கிரீச்சிடுவதும் இதன் அடையாளங்கள்.

கழற்றும் முன் காரின் பின்பக்க உயரத்தை அளந்து, முறுக்குத் தண்டின் பற்கள் எந்த நிலையில் கோத்திருக்கின்றன என்று குறியிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பல் தள்ளிக் கோத்தாலும் அந்தப் பக்கத்தின் உயரம் மாறிவிடும். துருவேறிய முறுக்குத் தண்டை உருவுவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். பிறகு கைத்தண்டைத் துடைத்து, ஊசிகள் இருந்த இடத்தில் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். வழவழப்பாக இருந்தால் தாங்கிகளையும் சீல்களையும் மாற்றினால் போதும். நகம் பள்ளத்தில் சிக்கினால் தண்டையும் மாற்றியே ஆக வேண்டும், இல்லையேல் புதுத் தாங்கியும் விரைவில் பாழாகும். குழாயின் உட்புறமும் அரிக்கப்பட்டிருந்தால் அச்சு முழுவதையும் மாற்றுவதே வழி. உதிரிபாகக் கடையில் ‘ஆர்ம் புஷ்’ என்று கேட்டால் ரப்பர் உறைதான் கைக்கு வரும். ‘நீடில் பேரிங்’ என்றே கேட்க வேண்டும்.