‘ஸ்பேஸ் காலனி’: சொல் விளக்கம்

தமிழ்நாடு–ஆந்திர எல்லையில் இருக்கும் பழவேற்காடு ஏரியை ஒரு சுற்று சுற்றி வந்தால் ‘காலனி’ என்ற சொல்லுக்கு மூன்று பொருள் கிடைத்துவிடும். சூலூர்ப்பேட்டையில் காலனி என்றால் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்தில் வேலை பார்ப்பவர்களின் குடியிருப்பு. “அவங்க காலனிக்காரங்க” என்றால் மாதச் சம்பளக் குடும்பம் என்று புரிந்துகொள்வோம். தடா தாண்டி ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டிப் பக்கம் வந்தால் கதையே வேறு. அங்கே ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். பட்டியல் சாதி மக்களை ஒதுக்கிவைத்த இடத்துக்கு அது பெயர். தெற்கே பழவேற்காட்டில் அந்தச் சொல் டச்சுக்காரர் ஆண்ட காலத்தைக் குறிக்கிறது.

இந்த மூன்றும் போதாதென்று ‘நிலாவில் காலனி’, ‘செவ்வாயில் காலனி’ என்று நான்காவது பொருளும் செய்திகளில் வர ஆரம்பித்துவிட்டது. பூமிக்கு வெளியே மனிதர்கள் போய்த் தங்கி வாழும் இடம்தான் இந்த ‘ஸ்பேஸ் காலனி’. இந்த நான்காவதற்கு அந்தச் சொல் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

சொல்லின் பிறப்பு இலத்தீனில். ‘கொலெரெ’ என்றால் உழுதல், பயிரிடுதல், ஓரிடத்தில் வாழ்தல். அதிலிருந்து ‘கொலோனுஸ்’, அதாவது உழவர். அவர் போய்த் தங்கிய நிலம் ‘கொலோனியா’. ரோமாபுரி அரசு தான் வென்ற நாடுகளில் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்தியது. அந்த ஊர்களுக்கெல்லாம் கொலோனியா என்று பெயர். ஜெர்மனியின் கொலோன் நகரம் அந்தப் பெயரை இன்றும் சுமக்கிறது. ஆக, உழவைக் குறித்த சொல் ரோமர் காலத்திலேயே, பிடித்த நிலத்தில் தன் ஆளை நட்டுவைக்கும் வேலையையும் குறிக்கத் தொடங்கிவிட்டது.

ஐரோப்பியர் கடல் கடந்த பிறகு உழவு பின்னுக்குப் போய், பிடிப்பது மட்டும் மிஞ்சியது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். இங்கிருந்து துணி போனது. கூடவே அடிமைகளாக மனிதர்களும் கப்பலேற்றப்பட்டு பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) போனார்கள். கோட்டை சிதைந்துவிட்டது, டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது. அதன் வாசலின் இரு பக்கமும் எலும்புக்கூட்டுச் சிலைகள். உள்ளே கல்வெட்டும் குலச்சின்னமும் செதுக்கிய பெரிய பெரிய பலகைக் கற்கள். இங்கிருந்து கப்பலேறிய அடிமைகளுக்கு அப்படி ஒரு கல்கூடக் கிடையாது.

ஆங்கிலேயர் வழியாகத் தமிழுக்கு வந்த ‘காலனி’ நம்மிடம் சாதியோடு ஒட்டிக்கொண்டது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதல்வர் மு.க. ஸ்டாலின், அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஊர்ப் பெயரிலிருந்து எடுக்கச் சொன்ன சொல்லை, இனிமேல் பிறக்கப்போகும் ஊர்களுக்கு வைப்பதில் என்ன நியாயம்?

சரி, மாற்றுச் சொல் என்ன? எல்லைக்காரர்களான எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தெலுங்கின் ‘வலச’. காலனி ஆட்சியைத் தெலுங்கில் ‘வலச பாலன’ என்பார்கள். விசாகப்பட்டினம் பக்கம் கொத்தவலச என்று ஒரு ரயில் சந்திப்பு இருக்கிறது. புது வலசை என்று பொருள். தமிழிலும் படைக்கு அஞ்சி மக்கள் ஊரைவிட்டுப் போவது வலசை. இராமநாதபுரத்தில் வலசை என்று முடியும் ஊர்கள் உண்டு. ஆனால் இன்றைய தமிழில் வலசை என்றாலே பறவைதான். குளிர்காலத்தில் பழவேற்காட்டுக்கு வரும் பூநாரைகள் இரை மேய்ந்துவிட்டுத் திரும்பிவிடும். விண்வெளிக்குப் போகும் மனிதர்கள் இப்போதைக்கு அந்தப் பூநாரைகள் மாதிரிதான். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பரிலிருந்து ஒரு நாள்கூட ஆள் இல்லாமல் இருந்ததில்லை. ஆனாலும் அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் ஆறு மாதத்தில் திரும்புகிறவர்கள். வலசை இந்த நிலைக்குப் பொருந்துகிறது. தங்கி வேர்விடும் நிலைக்கு வேறு சொல் வேண்டும்.

அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: குடி. குடும்பம், குலம், வீடு, ஊர், ஆட்சிக்கு உட்பட்ட மக்கள் எல்லாமே குடிதான். காரைக்குடி, தூத்துக்குடி என்று ஊர்ப்பெயராகவும் நிற்கிறது. குடித்தனம், குடிக்கூலி, புதுவீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகுதல் என்று தினமும் வாயில் வருகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது குடியானவர் என்ற சொல். ரோமரின் கொலோனுஸ் உழவர். நம் குடியானவரும் உழவர். உழுவதையும் ஓரிடத்தில் வாழ்வதையும் இரண்டு மொழியும் தனித்தனியே ஒன்றாகப் பார்த்திருக்கின்றன. கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலையில் ‘காடு கொன்று நாடாக்கி, குளம் தொட்டு வளம் பெருக்கி’ என்று தொடங்கி, சற்றுத் தள்ளி ‘குடி நிறீஇ’ என்று வருகிறது. குடிகளை நிலைநிறுத்தி என்று பொருள். குளம் முதலில், குடி அப்புறம்.

அந்த வரிசை வேற்று உலகங்களுக்கும் பொருந்தும். தண்ணீருக்கு நம்பிக்கை உண்டு: 2008-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன சந்திரயான்-1 நிலாவின் மண்ணில் நீரின் தடயத்தைக் காட்டியது, துருவப் பள்ளங்களில் பனிக்கட்டி இருக்கிறது. மூச்சுக்காற்று கடினம். செவ்வாயில் நாசாவின் பெர்செவரன்ஸ் ஊர்தியிலிருந்த மாக்ஸி கருவி அங்குள்ள கரியமில வாயுவிலிருந்து 2021 முதல் 2023 வரை 122 கிராம் ஆக்சிஜன் எடுத்தது. ஒருவருக்கு நான்கு மணி நேரம்கூடத் தாங்காத அளவு. ஆனால் வேற்றுக் கோளில் இது முடியும் என்று முதன்முதலாகக் காட்டியது அதுதான். உழவு இன்னும் கடினம்: செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற நச்சு உப்பு கலந்திருக்கிறது, அதைக் கழுவாமல் பயிரிட முடியாது. பூமியிலேயே, அமெரிக்காவின் அரிசோனாவில், கண்ணாடிக் கூரைக்குள் எட்டுப் பேர் 1991-ல் இரண்டு ஆண்டு வாழப் போனார்கள். உள்ளே ஆக்சிஜன் 21 விழுக்காட்டிலிருந்து 14.5 வரை இறங்கியது; வெளியிலிருந்து செலுத்த வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி பிள்ளைப்பேறு. செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் 38 விழுக்காடு, நிலாவில் ஆறில் ஒரு பங்கு. அந்த ஈர்ப்பில் மனிதக் குழந்தை ஒன்று கருவாகி வளர முடியுமா என்று யாருக்கும் தெரியாது. பிள்ளை பிறக்காத இடத்தைத் தமிழர் குடி என்று சொன்னதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாத் தீவு வெறும் காடாக இருக்கவில்லை. ராக்கெட் தளம் வருமுன் அங்கே யானாதிப் பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள், தளத்துக்காக இடம்பெயர்க்கப்பட்டார்கள். இன்றும் ஏவுதல் நாளில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. வேற்று உலகத்துக்குப் போகும் வழியின் முதல் அடியே யாரோ ஒருவருடைய நிலத்தில்தான் வைக்கப்படுகிறது. நிலாவையோ செவ்வாயையோ எந்த நாடும் தன் உடைமை என்று சொல்ல முடியாது என்கிறது 1967-ன் விண்வெளி ஒப்பந்தம். இந்தியாவும் அதில் உண்டு. உடைமையே கூடாது என்று சட்டம் சொல்லும் இடத்தை ‘காலனி’ என்பது பொருளாலும் தவறு.

‘குடியேற்றம்’ என்ற சொல்லைப் பலர் பயன்படுத்துகிறார்கள். இலக்கணப்படி குறையில்லை. ஆனால் ஈழத் தமிழர் காதில் அது, தமிழர் பகுதிகளில் இலங்கை அரசு நடத்திய குடியேற்றத் திட்டங்களாகவே ஒலிக்கும். அந்த வலியை நாம் மதிக்க வேண்டும். அதனால் செயலுக்குக் குடியமர்தல், இடத்துக்குக் குடியிருப்பு என்பேன். ‘கோள் குடியிருப்பு’ என்றால் துணைக்கோளான நிலா விடுபடும். ‘வேற்றுலகக் குடியிருப்பு’ இரண்டையும் அடக்கும். சில மாதம் ஆராய்ச்சிக்குத் தங்கும் இடத்துக்கு அவ்வளவு பெரிய சொல் வேண்டாம், நிலாத்தளம் போதும். பழவேற்காட்டு டச்சுக்காரருக்குக் காலனி என்றே எழுதுங்கள், அது அவர்களுக்குப் பொருந்தும்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் சொல் டெராஃபார்மிங். ஒரு கோளின் காற்றையும் வெப்பத்தையும் மாற்றி, பூமி மாதிரியே ஆக்குவது. புவியாக்கம் என்று தமிழில் எழுதுகிறார்கள், நல்ல சொல். அதற்கு வேண்டிய அளவு கரியமில வாயு செவ்வாயில் எட்டும் இடத்தில் இல்லை என்று 2018-ல் வந்த ஆய்வு ஒன்று கணக்குக் காட்டியது. ஆகவே இப்போதைக்குச் செவ்வாய்க் குடியிருப்பு என்றால், கூரைக்குள் காற்றை அடைத்துக்கொண்டு வாழும் சின்ன ஊர் என்றே பொருள் கொள்ள வேண்டும்.