ஆடிஷனுக்கு முந்தைய இரண்டு வாரமும் பிள்ளைகளின் குரலும்

ஊர் நாடகக் குழு சிறுவர் மியூசிக்கலுக்கு (பாட்டு நாடகத்துக்கு) ஆடிஷன் அறிவித்துவிட்டால் போதும், சில நாள்களில் எங்கள் குரல் சிகிச்சைப் பிரிவுக்கு அழைப்புகள் வரத் தொடங்கும். "குரல் கம்மிப்போச்சு, சனிக்கிழமை ஆடிஷன், அதுக்குள்ள சரியாயிடுமா?" அமெரிக்காவில் பேச்சு, குரல் சிகிச்சையாளராக வேலை செய்யும் நான் இந்தக் கேள்வியை இப்போது தமிழிலும் அடிக்கடி கேட்கிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் கூச்சமில்லாமல் மேடையேறப் போவது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் இவர்களில் பலருக்குத் தொண்டை கட்டியது சளியால் அல்ல, பயிற்சியால்.

திறந்த ஆடிஷனில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது பாட்டின் 16 அல்லது 32 பார் (தாளச் சுற்று)தான். பெரும்பாலும் ஒரு நிமிடத்தை ஒட்டித்தான் வரும். அதற்காக முழுப் பாட்டையும் காரில், குளியலறையில், தூங்கப்போகும் முன் என்று நாள் முழுக்கப் பாடுகிறார்கள். அதுவும் யூடியூபில் ஒலிக்கும் பதிவோடு சேர்ந்து. அந்தப் பதிவில் பாடுபவர் பல ஆண்டு பயிற்சி பெற்ற பெரியவர், மைக்கோடு பாடுபவர். பத்து வயதுப் பிள்ளை அந்த உச்சத்தை எட்ட, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தத்தான் வேண்டியிருக்கும்.

பிறந்த குழந்தையின் குரல் நாண் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான். அது நீண்டு, அதன் உள்ளடுக்குகள் பெரியவர்களுடையதைப் போல் முதிர்வதற்குப் பதின்வயது கடக்க வேண்டும். பியானோவின் நடு 'சி'க்கு மேலுள்ள 'ஏ' சுரத்தைப் பிடித்தால் நாண்கள் ஒரு நொடிக்கு 440 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. மென்மையாகப் பாடும்போது அதைத் தாங்கிக்கொள்ளும். அழுத்திக் கத்தினால் வீங்கும். வீங்கிய நாண் எளிதில் அதிராததால் பிள்ளை இன்னும் அழுத்தும். இதே கதை மாதக்கணக்கில் நீண்டால் மோதும் இடத்தில் முடிச்சு விழுகிறது. சிறுவர்களின் நாள்பட்ட கரகரப்புக்கு இந்த முடிச்சுகள்தாம் முதன்மையான காரணம்.

எங்களிடம் வந்த ஒரு சிறுமிக்கு ஆடிஷனுக்கு வெகு முன்பிருந்தே குரல் கரகரத்திருந்தது. "அவ குரலே அப்படித்தான், அவங்க அத்தை மாதிரி" என்றார்கள் வீட்டில். கேமராவை விட்டுப் பார்த்தபோது இரண்டு நாண்களிலும் முடிச்சு. பெற்றோர் உடனே அறுவை சிகிச்சை என்று பயந்தார்கள். பிள்ளைகளுக்கு அது அரிதாகவே தேவைப்படும். தண்ணீரில் ஸ்ட்ரா வைத்துக் குமிழி விட்டுக்கொண்டே 'ஊ' என்று ஒலிப்பது, தூரத்திலிருந்து கத்தாமல் அருகில் போய்ப் பேசுவது, அடிக்கடி தொண்டையைச் செருமும் பழக்கத்தை விடுவது, இவைதான் அவளுக்கான சிகிச்சை. மாதக்கணக்கில் பொறுமையாகச் செய்தாள். குரல் தெளிந்தது. 'அவ குரலே அப்படித்தான்' என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் இருந்தால், தயவுசெய்து ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள்.

கர்நாடக சங்கீதம் படித்த பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே சுருதிப் பெட்டியைப் பாடுபவருக்கு ஏற்ப வைக்கிறோம். ஐந்து கட்டையில் பாடும் பிள்ளையை ஏழில் பாடச் சொல்ல எந்த ஆசிரியருக்கும் மனம் வராது. மியூசிக்கலில் பாட்டின் சுருதி எழுதப்பட்டே வருகிறது என்பதால், அதை மாற்றவே கூடாது என்று நினைத்துவிடுகிறோம். ஆடிஷனுக்கு மாற்றலாம். இணையத்தில் இசைத்தாள் விற்கும் பல இடங்களில் வேண்டிய சுருதியைத் தேர்ந்தெடுத்து அச்சிட்டுக்கொள்ள முடியும். அறைக்குள் போனபின் பியானோ வாசிப்பவரிடம் "கொஞ்சம் இறக்கி வாசியுங்கள்" என்று கேட்காதீர்கள். அவர் தாளில் இருப்பதைத்தான் வாசிப்பார். சுருதியை மாற்றுவதைவிட நல்லது, பிள்ளையின் இன்றைய குரலுக்குச் சுகமான வேறு பாட்டைத் தேர்வது. சிறுவர்களுக்கென ஒரு மணி நேரமாகச் சுருக்கிய ஜூனியர் பதிப்புகளில் பாடல்களின் சுருதியும் இளங்குரலுக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருக்கும். ஆடிஷனில் மட்டும் பிள்ளையைத் திணறடிப்பானேன்?

இங்குள்ள ஒரு குழுவின் தேர்வுகளில் ஆலோசகராக உட்கார்ந்திருக்கிறேன். சுருதி நிற்கிறதா, சொல் புரிகிறதா, "இதையே தம்பியிடம் ரகசியம் சொல்வதுபோல் பாடு" என்றால் மாற்றிப் பாடுகிறதா என்றுதான் அங்கே பார்த்தார்கள். சத்தத்துக்கு மைக் இருக்கிறது.

பையன்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 12 முதல் 15 வயதுக்குள் குரல் ஏறத்தாழ ஓர் எண்மம் (ஒரு ஸ்தாயி) இறங்கிவிடும். பாடும்போது நடுவில் உடையும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் பால சபை தொடங்கிய காலத்திலிருந்தே, சிறுவர்களே நடித்த நம் பாய்ஸ் கம்பெனிகளுக்கு இது நன்றாகத் தெரியும். மகரக்கட்டு உடைந்தால், அதாவது குரல் இப்படி மாறினால், பாட்டு வேடம் கைமாறிவிடும், பையன் கலங்கிப்போவான். இன்று அப்படி ஆக வேண்டியதில்லை. விண்ணப்பத்திலேயே 'குரல் மாறிக்கொண்டிருக்கிறது' என்று எழுதிவிடுங்கள். இசை இயக்குநர் அவனுக்கு எட்டும் சுரங்களில் பாட வைப்பார். பெண்பிள்ளைகளின் குரலும் சில அரைச்சுரம் இறங்கும், காற்றோடு கலந்து வரும். அதை யாரும் கவனிப்பதில்லை.

பனங்கற்கண்டும் மிளகும் போட்ட பால் இதமாக இருக்கும், கொடுங்கள். ஆனால் விழுங்குவது எதுவும் குரல் நாணைத் தொடாது, உணவுக்குழாய் வழியே போய்விடும். பாத்திரத்தில் கொதிநீர் வைத்து ஆவி பிடிக்க வைக்க வேண்டாம், பிள்ளைகள் கொட்டிக்கொண்டு வெந்துபோகிறார்கள். 'குசுகுசுன்னு பேசு' என்பதும் ஓய்வல்ல, சிலருக்கு அது குரல்வளையை இன்னும் இறுக்குகிறது. தண்ணீர் குடித்து, பேச்சைக் குறைத்து, பேசும்போது மெல்லிய இயல்பான குரலில் பேசட்டும்.

கரகரப்பு 4 வாரத்தில் குறையாவிட்டால் குரல்வளையை நேரடியாகப் பார்க்க வேண்டும் என்கிறது அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல். மூச்சுவிடும்போது ஓசை கேட்டாலோ, விழுங்கவே சிரமப்பட்டாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

அப்படியென்றால் சனிக்கிழமை ஆடிஷன்? பேசும் குரலே கரகரத்தால் பாட வேண்டாம். குழுவுக்கு இன்றே எழுதி, வேறு நேரமோ முன்பே எடுத்த வீடியோவோ ஏற்பார்களா என்று கேளுங்கள். பல குழுக்கள் ஒப்புக்கொள்கின்றன. வேடம் கிடைத்துவிட்டால், அரங்கேற்றத்துக்கு முந்தைய வாரம் தினமும் ஒத்திகை இருக்கும். உடம்பு முடியாத நாளில் வாயசைத்து, அசைவுகளை மட்டும் செய்துகொள்ளலாமா என்று இயக்குநரிடம் முதல் நாளே அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.