சூடு காட்டினால் நட்டு இன்னும் இறுகாதா?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய ஐயா ஓட்டிய அம்பாசிடர் வளவு வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் பல வருடமாக நிற்கிறதாம். திரும்ப ஓடவைக்க ஆசைப்பட்டு ஆயில் மாற்றப் போனால், எஞ்சினுக்குக் கீழே ஆயில் தேங்கும் சேம்பரின் அடியில் இருக்கும் ட்ரெயின் நட்டு, அதாவது பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் திருகு, அசையவே இல்லை. ஸ்பேனர் வழுக்கி நட்டின் முனைகள் மழுங்கியதுதான் மிச்சம். மெக்கானிக் "சூடு காட்டிக் கழற்றிடலாம்" என்கிறார். வாசகருக்குச் சந்தேகம்: "சூடுபட்டால் இரும்பு விரியும். விரிந்தால் துளை சுருங்கி நட்டை இன்னும் பிடித்துக்கொள்ளாதா?"

அருமையான கேள்வி. பள்ளிக்கூடத்தில் நாம் கேட்காமல் விட்டுவிட்ட கேள்வியும்கூட.

முதலில் நட்டு ஏன் இறுகுகிறது என்று பார்த்துவிடலாம். நட்டிலும் துளையிலும் உள்ள திருகு வரிகளை மரை என்போம். மரைக்கும் மரைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. மழைக்காலத்து ஈரம் அதற்குள் போய்த் துரு பிடிக்கிறது. தின்னப்பட்ட இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் துரு இடம் கேட்கும். பழைய கட்டடங்களில் உள்ளே கம்பி துருப்பிடித்து மேல்பூச்சு பெயர்ந்து விழுவது இதனால்தான். சுவரையே உடைக்கிற அந்த வேகம் ஒரு மரைக்குள் அடைபட்டால் என்ன ஆகும்? நட்டும் சேம்பரும் ஒட்டிப் பிறந்தவை போல ஆகிவிடும். போதாததற்கு, ஆயில் கசிந்துவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு முறையும் பலம்கொண்ட மட்டும் முறுக்கி வைத்திருப்பார்கள்.

சரி, துளைக்கு வருவோம். பொங்கலுக்குக் கும்மி கொட்டும் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் வட்டமாக நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரிடமிருந்து இன்னும் ஒரு முழம் தள்ளி நிற்க வேண்டும் என்றால் என்ன செய்வார்கள்? வட்டத்தைப் பெரிதாக்குவார்கள். உள்ளே நகர்ந்தால் நெருக்கம்தான் கூடும். துளையின் விளிம்பில் இருக்கும் அணுக்களும் அப்படித்தான். சூடு ஏறினால் ஒவ்வொரு அணுவுக்கும் பக்கத்து அணுவிடமிருந்து கொஞ்சம் கூடுதல் இடம் வேண்டும். அதனால் விளிம்பு முழுவதும் வெளியே நகர்கிறது, துளை பெரிதாகிறது.

இதைச் சின்ன வயதில் கோட்டையூரில் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவார்கள். இரும்பு வளையம் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகத்தான் இருக்கும். வறட்டி அடுக்கித் தீ மூட்டி, வளையம் செவக்கச் செவக்கக் காய்ந்ததும் இரண்டு பேர் இடுக்கியால் தூக்கி வந்து மரச்சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். அதுவரை ஏறாத வளையம் வழுக்கிக்கொண்டு உட்காரும். உடனே தண்ணீர். புகையும் ஆவியும் கிளம்ப, ஆரக்கால்கள் நறநறவென்று இறுகும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த ஆசாரிகள் கைக்குள் வைத்திருந்தது சுத்தமான இயற்பியல்.

மெக்கானிக் செய்வது அதன் மறுபக்கம். நட்டை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள பகுதியைச் சூடாக்குகிறார். 14 மில்லிமீட்டர் துளை 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், இரும்பில் சுமார் 0.017 மில்லிமீட்டர் விரியும், அலுமினியத்தில் சுமார் 0.032. தலைமுடியின் கனத்தில் ஒரு பகுதிதான். ஆனால் துரு நொறுங்கும் பொருள், வளைந்து கொடுக்காது. அந்த அசைவிலேயே அது விரிசல் விட்டுவிடும். அப்புறம் ஊடுருவும் எண்ணெயைத் தடவினால் விரிசல் வழியே தானாக உள்ளே ஏறும். சில மெக்கானிக்குகள் ஆறும்போது மெழுகுவத்தியைத் தொட்டுவைப்பார்கள். மெழுகு உருகி மரைக்குள் இழுபடுவதைப் பார்க்க அத்தனை அழகு.

வாசகரின் பயத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. நட்டை மட்டும் சூடாக்கி, சூட்டோடு திருகினால் அது இறுக்கமாகத்தான் இருக்கும். ஆறவிட வேண்டும். மழுங்கிய நட்டின் தலையில் வெல்டிங் பட்டறைக்காரர் புது நட்டு ஒன்றைப் பற்றவைப்பதற்கு இரண்டு பலன்: ஸ்பேனருக்குப் புதிய பிடி கிடைக்கிறது, உள்ளே விரிந்த நட்டு துருவை நசுக்கிவிட்டுச் சுருங்குகிறது.

ஆனால் சேம்பருக்குள் பழைய ஆயில் இருக்கும்போது அடியில் தீயைக் காட்டவே கூடாது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குழாய் வழியாகச் சின்னப் பம்பை வைத்து ஆயிலை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பெட்ரோல் கசிவு இல்லையென்று பார்த்துக்கொண்டு, சூடான காற்று அடிக்கும் கன்னால் சூடாக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுக்காதீர்கள்.

வண்டி நின்றுபோனால் எலுமிச்சம்பழம் கட்டுகிறோம். துருவுக்கு அது கேட்காது. துருவையும் ஆராய்கிற ஒரு பெரிய இடம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம்தான் அது. உப்புக்காற்றில் இரும்பு என்ன ஆகிறது என்று பார்க்க ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் உள்ள மண்டபம் என்ற ஊரிலும் அவர்களுக்கு ஒரு நிலையம் உண்டு. ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டல் துரு ஆராய்ச்சிக்குக் கிடைப்பதில்லை என்பது என் வருத்தம். பாலம், குழாய், படகு என்று துரு தின்னாத இடம் எது? அதற்கு நிதி ஒதுக்கத் தயங்கக் கூடாது.

நட்டு கழன்றதும் பழையதை மறுபடி போடாதீர்கள். புது நட்டும் புதுச் செம்பு வாஷரும் வாங்குங்கள். மரையில் கொஞ்சம் எண்ணெய் தொட்டு, முதலில் விரலாலேயே உள்ளே போகும்வரை திருகுங்கள். விரலுக்கு வழிவிடாவிட்டால் மரை சேதமாகியிருக்கிறது. லேத் பட்டறையில் காட்டிவிட்டு அப்புறம் ஆயில் ஊற்றலாம்.