பகலில் டிவி தெரியவில்லையா? ஜன்னலைப் பாருங்கள்

"டிவி புதுசுதாங்க, ஆனா பகல்ல படமே சரியாத் தெரியல." வீடு வீடாகப் போய் டிவி மாட்டிக் கொடுப்பது என் தொழில். அதிகம் காதில் விழும் புகார் இதுதான். போய்ப் பார்த்தால் டிவியில் ஒரு கோளாறும் இருக்காது. நேர் எதிரே பெரிய ஜன்னல் இருக்கும்.

வெளிச்சமான ஹாலுக்கு டிவி வாங்குபவர்கள் இப்போது நிட்ஸ் எவ்வளவு என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். திரை எவ்வளவு பிரகாசம் தரும் என்பதன் அளவு அது. சாதாரண எல்இடி டிவிகள் பெரும்பாலும் 250 முதல் 350 நிட்ஸ் தரும். திரைக்குப் பின்னால் நிறைய குட்டி எல்இடி விளக்குகள் வைத்த நல்ல மினி எல்இடி டிவிகள் 1000-ஐத் தாண்டும். ஆனால் அறை வெளிச்சம் திரையில் பட்டு நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறதே, அதை யாரும் கேட்பதில்லை.

சின்னக் கணக்கு ஒன்று. ஒரு டிவியின் வெள்ளை 300 நிட்ஸ், கறுப்பு 0.1 என்று வைத்துக்கொள்வோம். இருட்டறையில் இரண்டுக்கும் 3000 மடங்கு வித்தியாசம். ஜன்னல் வெளிச்சம் பட்டு 10 நிட்ஸ் திரும்பினால் வெள்ளை 310, கறுப்பு 10.1. வித்தியாசம் ஏறக்குறைய 30 மடங்காகச் சுருங்கிவிடும். இதை 60 ஆக்க 600 நிட்ஸ் டிவி வாங்கலாம். இல்லையென்றால், திரும்பும் வெளிச்சத்தை 5 நிட்ஸாகக் குறைத்தாலும் அதே 60 வரும். அதற்கு ஒரு கனத்த திரைச்சீலை போதும்.

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையின் விஷயமும் இதில் அடங்கிவிடுகிறது. அதன் கறுப்பு முழுக் கறுப்பு என்பது உண்மைதான். பகலில் அந்தக் கறுப்பின் மேலும் இதே 10 நிட்ஸ் வந்து உட்கார்ந்துகொள்ளும். திரை முழுக்க வெள்ளையாக வரும் காட்சிகளில் அது தானாகவே பிரகாசத்தைக் குறைத்தும் கொள்ளும். இரவில்தான் படம் பார்ப்போம் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். பகல் முழுக்க ஓடுகிற வீட்டுக்கு மினி எல்இடியைத்தான் நான் சொல்வேன்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். டிவி வரப்போகும் சுவரில் ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடிக்கட்டும். நீங்கள் சோபாவில் வழக்கமான இடத்தில் உட்காருங்கள். கண்ணாடியில் என்ன தெரிகிறதோ அதுதான் நாளை திரையிலும் தெரியும். கண்ணாடியை மேலே, கீழே, ஓரத்துக்கு என்று நகர்த்திப் பாருங்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. ஜன்னல் தெரிந்தால் பக்கத்துச் சுவருக்கு மாறுங்கள். ஜன்னல் பக்கவாட்டில் இருப்பதே நல்லது. டிவிக்குப் பின்னால் ஜன்னல் வந்தால் கண் கூசும். சுவரை மாற்ற வழியில்லை என்றால், பக்கவாட்டில் திரும்பும் பிராக்கெட்டாக வாங்குங்கள். சில டிகிரி திருப்பினாலே பிம்பம் விலகிவிடும். பளபளப்பில்லாத மேட் பூச்சுத் திரை பிம்பத்தைக் கலைக்கும், ஆனால் வெளிச்சத்தைத் திரை முழுக்கப் பரப்பிவிடும். அறை முழுவதும் வெளிச்சமாக இருந்தால் படம் கொஞ்சம் வெளுக்கும்.

உயரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உட்கார்ந்தால் கண் மட்டத்துக்குத் திரையின் நடுப்பகுதி வரட்டும்.

இனி செட்டிங்ஸ். முதலில் ஆன் செய்ததும் வீடா, கடையா என்று கேட்கும். வீடு என்றே கொடுங்கள். மின்சிக்கன மோட் பல டிவிகளில் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஆனில் இருக்கும். படம் மங்கலாக இருக்கிறது என்று கூப்பிட்ட பல வீடுகளில் நான் செய்த வேலை அதை ஆஃப் செய்ததுதான். பிறகு நிறத்தைத் தூக்கலாகக் காட்டும் விவிட் மோடுக்குத் தாவாதீர்கள். முகமெல்லாம் நீலம் பாய்ந்து, வெள்ளைச் சட்டையின் மடிப்புகூடத் தெரியாது. மூவி அல்லது சினிமா மோடை வைத்து, பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கை, ஏற்றுங்கள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள நிழல்களைத் தீர்மானிக்கும் காமா 2.2 இருக்கட்டும். பல டிவிகளில் பிரைட்னெஸ் என்று இருப்பது பேக்லைட் அல்ல, கறுப்பின் அளவு. அதை ஏற்றினால் கறுப்பு சாம்பலாகும். சில கம்பெனிகள் பேக்லைட்டையே பிரைட்னெஸ் என்று எழுதியிருப்பார்கள். ஒரு இருட்டுக் காட்சியை நிறுத்திவைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தால் எது எது என்று பிடிபட்டுவிடும்.

இரவுக்கு வேறொரு மோடில் பேக்லைட்டைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்நேரமும் முழு அளவில் ஓடினால் சூட்டில் எல்இடிகளின் ஆயுள் குறையும்.

திரையைத் துடைக்க உலர்ந்த மைக்ரோ ஃபைபர் துணி மட்டும் போதும். ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை இதில் அடித்தால், கண்கூச்சம் குறைக்கும் பூச்சு திட்டுத்திட்டாகப் போய்விடலாம்.