கருணை மனுவும் ஒரு கையெழுத்தும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குற்றவியல் வழக்குகளைப் பார்க்கும் என்னிடம், இளமையில் பெற்ற தண்டனையின் பதிவு வேலைக்குத் தடையாக நிற்கிறது என்று நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வருவோர் பலர், "பிரசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதுங்களேன் அண்ணா" என்கிறார்கள். சிலருக்கு அந்தக் கடிதமே தேவைப்படாது. சிறு தண்டனை பெற்றுப் பத்தாண்டுகள் கழிந்திருந்தால், பெரும்பாலும் நீதி அமைச்சகத்திடமே பதிவு நீக்கம் கோரலாம். மற்றவர்களுக்கு அரசமைப்புச் சட்டத்தின் 84(2)(ஜே) பிரிவுதான் வழி. மன்னிக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்குத் தரும் அந்த ஒற்றை வரி, யாரைக் கேட்டு, எந்த அளவுகோலால் மன்னிப்பது என்று சொல்வதில்லை.

சொல்லாமல் விட்டதை நீதிமன்றமே கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி வருகிறது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய பெண் கைதிகளின் மீதித் தண்டனையை 1994இல் நெல்சன் மண்டேலா ரத்து செய்தபோது, ஹியூகோ என்ற, கைதியாக இருந்த தந்தை தமக்கு மட்டும் ஏன் இல்லை என்று வழக்காடினார். அவர் தோற்றார், ஆனால் மன்னிப்பு அதிகாரம் மன்னர் காலத்துச் சலுகையன்று, அதுவும் அரசமைப்புக்குக் கட்டுப்பட்டதே என்று அரசமைப்பு நீதிமன்றம் 1997இல் கூறியது. என்னைக் கேட்டால், அந்தத் தோல்வி பல வெற்றிகளைவிடப் பெரியது.

அரசியல் நோக்கத்தோடு குற்றம் செய்ததாகக் கூறியவர்களுக்காக 2007இல் அப்போதைய குடியரசுத் தலைவர் தாபோ எம்பெக்கி அறிவித்த சிறப்பு மன்னிப்புத் திட்டத்தில், கொல்லப்பட்டோரின் குடும்பங்களுக்கும் காயமுற்றோருக்கும் பேச இடமே வைக்கப்படவில்லை. நல்லிணக்கம்தான் நோக்கம் என்றால், இழந்தவர்களைக் கேளாமல் அதை எப்படி எட்டுவது? அத்திட்டம் குறித்த ஆல்பட் வழக்கில் 2010இல் அரசமைப்பு நீதிமன்றம் அவர்களைக் கேட்டே தீர வேண்டும் என்றது. ஆனால் அந்தத் தீர்ப்பு அந்தச் சிறப்புத் திட்டத்தோடு நின்றுவிட்டது. சாதாரண கருணை மனுக்களில் பாதிக்கப்பட்டவரைக் கேட்பது கட்டாயமா என்ற கேள்விக்கு அது விடை தரவில்லை.

2023 ஆகஸ்டில், சிறை நெரிசலைக் காரணம் காட்டி வன்முறையற்ற குற்றவாளிகளுக்கு வழங்கப்பட்ட தண்டனைக் குறைப்பில், முன்னாள் குடியரசுத் தலைவர் ஜேக்கப் ஸூமாவும் விடுதலை பெற்றார். அதிகாரம் இருந்தது, காரணமும் சொல்லப்பட்டது. இருந்தும் ஊர் சந்தேகப்பட்டது. அளவுகோல்கள் முன்கூட்டியே சட்டமாக எழுதப்பட்டிருந்தால் அந்தச் சந்தேகத்துக்கு இவ்வளவு இடம் இருந்திராது என்பதே என் கருத்து.

சட்டம் வரும்வரை, மனு எழுதுமுன் என் கட்சிக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன்: உங்களால் இழந்தவர் இன்று எங்கே இருக்கிறார்? நேரில் போகாதீர்கள், சமூகப் பணியாளர் வழியாக விசாரியுங்கள் என்றும் சொல்கிறேன். பெரும்பாலோர் அந்தக் கேள்வியைத் தங்களிடமே கேட்டுக்கொண்டதில்லை.